எரியும் கற்பூரம், எரியாத கல்

சேர்வராயன் மலைத்தொடரின் உச்சியில், 5,326 அடி உயரத்தில், ஒரு குகைக்குள் இருக்கிறது சேர்வராயன் கோயில். தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும். சேர்வராயனும் காவேரி அம்மனும் அங்கே குடிகொண்டிருக்கிறார்கள். மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டார மலையாளிப் பழங்குடி மக்கள் திரண்டு வருவார்கள். தீபாராதனைத் தட்டில் ஏற்றிய கற்பூரம் சற்று நேரம் பளிச்சென்று எரிந்து, மிச்சம் மீதி இல்லாமல் அணைந்துபோகிறது. கொஞ்சம் கரும்புகை, காட்டமான வாசனை, அவ்வளவுதான். சாம்பல் கிடையாது.

கற்பூரத்தில் கார்பன் இருக்கிறது என்பதைக் கரும்புகையே காட்டிக்கொடுத்துவிடும். அதன் எடையில் ஏறத்தாழ 79 சதவீதம் கார்பன்தான். ஆனால் அந்த மலையின் பாறைக்குள்ளும் கார்பன் உண்டு. ஒன்று எரிகிறது, மற்றது எரிவதில்லை. கரிம வேதியியல் என்றால் கார்பன் சேர்மங்களைப் பற்றிய படிப்பு என்று பள்ளியில் ஒரே வரியில் மனப்பாடம் செய்கிறோம். அந்த வரி பாதிதான் சரி. கார்பன் இருந்தால் மட்டும் போதாது. அது யாரோடு கைகோத்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சேர்வராயன் மலையை அடிவாரத்திலிருந்து உச்சிவரை பார்த்தால் அந்த மறுபாதி தானாகவே விளங்கும்.

மலையின் உடம்பு சார்னோகைட் என்ற கருநிறப் பாறை. கல்கத்தாவோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இந்த இனத்தைச் சேர்ந்தது என்று கண்ட புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, 1893-ல் அவர் பெயரையே பாறைக்கு வைத்தார். இங்குள்ள பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். தென்னிந்திய சார்னோகைட்டை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் குவார்ட்ஸ் மணிகளுக்குள் மிக நுண்ணிய குமிழ்கள் தெரியும். அவற்றில் அடைபட்டிருப்பது பெரும்பாலும் கரியமில வாயு. பூமியின் ஆழத்தில் பாறை வெந்துகொண்டிருந்த காலத்தில் மாட்டிக்கொண்டது, இன்னும் வெளியே வரவில்லை.

கல்லுக்குள் கார்பன் அடைபட்டிருப்பது அடிவாரத்தில் கண்ணுக்கே தெரிகிறது. சேலத்துக்கும் மலைக்கும் நடுவே வெள்ளைக்கல் சுரங்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலேயர் அந்தக் குன்றுகளைச் சாக் ஹில்ஸ் என்று அழைத்தார்கள். உண்மையில் அது சாக் கிடையாது, மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். மெக்னீசியம் மிகுந்த கரும்பாறையின் விரிசல்களில் கரியமில வாயு கரைந்த நீர் புகுந்து, பாறையோடு வினைபுரிந்து, வெள்ளை நரம்புகளாகப் படிந்தது. சூளையில் சுட்டால் அந்த வாயு திரும்பக் கிளம்பிவிடும்: ஒரு டன் தூய மேக்னசைட்டில் ஏறக்குறைய 520 கிலோ காற்றோடு போய்விடும். எஞ்சும் மெக்னீசியம் ஆக்சைடு எஃகு உலைகளின் உட்சுவர்ச் செங்கல் ஆகிறது. உருக்கிய இரும்பின் வெப்பத்தையே தாங்கும் அந்தச் செங்கல்லின் மூலப்பொருள், கார்பன் கலந்த ஒரு கல்.

இருந்தும் எந்த வேதியியல் நூலும் மேக்னசைட்டைக் கரிமச் சேர்மம் என்று சொல்வதில்லை. காரணம் இதுதான். மேக்னசைட்டில் ஒவ்வொரு கார்பன் அணுவையும் மூன்று ஆக்சிஜன் அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. பக்கத்தில் இன்னொரு கார்பன் இல்லை, ஒரு ஹைட்ரஜன் இல்லை. எரிதல் என்பதே ஆக்சிஜனோடு சேருவதுதான் என்பதால், ஏற்கெனவே முழுக்கச் சேர்ந்துவிட்ட கார்பனுக்கு மேலும் எரிய ஒன்றும் மிச்சமில்லை. கற்பூரத்தில் நிலைமை நேர்மாறு. அதன் மூலக்கூறில் பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்சிஜன். கார்பன்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கின்றன; வெளிப்புறத்தை ஹைட்ரஜன்கள் போர்த்தியிருக்கின்றன. தீ வைத்ததும் ஒவ்வொரு கார்பனும் ஆக்சிஜனிடம் போய்ச் சேர்கிறது. இரண்டு கற்பூர மூலக்கூறு முழுக்க எரிய 27 ஆக்சிஜன் மூலக்கூறு தேவை. கிடைப்பது 20 கரியமில வாயு, 16 தண்ணீர். அந்த அளவு ஆக்சிஜன் சுடருக்குள் எட்டாதபோது எரியாத கார்பன் கரும்புகையாக வெளியேறுகிறது. எரிந்து முடித்த கார்பன் அடைந்திருக்கும் நிலை, பாறைக் குமிழுக்குள் இருக்கும் கார்பனின் நிலையேதான்.

அந்த நிலையிலிருந்து கார்பனை மறுபடி மேலே இழுத்து வருகிறது இலை. கரியமில வாயுவையும் தண்ணீரையும் வெயிலையும் கொண்டு மலைச்சரிவு முழுக்க ஒவ்வொரு நாளும் நடப்பது அதுதான்: ஆக்சிஜனை விலக்கி, கார்பனைக் கார்பனோடும் ஹைட்ரஜனோடும் பிணைப்பது.

கற்பூரம் எங்கிருந்து வருகிறது? தமிழர்களுக்கு இது பழைய கேள்வி. சுமத்திராத் தீவின் மேற்குக் கரையில், கற்பூரத்துக்குப் பேர்போன பாரூஸ் துறைமுகத்தை அடுத்த லோபு துவாவில், 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது; அதை வெட்டுவித்தவர்கள் ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர். அங்கே கிடைத்த கற்பூரத்தின் முதன்மைப் பொருள் போர்னியால், இன்றைய தீபாராதனைக் கற்பூரத்தைவிட இரண்டு ஹைட்ரஜன் கூடுதலாகக் கொண்ட ஓர் ஆல்கஹால். அந்த இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டால் ஆக்சிஜன் கார்பனோடு இரட்டைப் பிணைப்பில் இறுகி, ஆல்கஹால் கீட்டோனாகிறது, போர்னியால் கற்பூரமாகிறது. கார்பன் கூட்டில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது ஒரு மூலைதான். வேதியியலார் வினைத்தொகுதி என்று சொல்வது அந்த மூலையை: மூலக்கூறின் பெரும்பகுதி பேசாமல் இருக்க, வேலையெல்லாம் அங்கே நடக்கும்.

கீட்டோன் கற்பூரத்தைப் பின்னர் தைவானிலும் ஜப்பானிலும் கற்பூர மரத்தைச் செதிலாகச் சீவி ஆவியில் வடித்தெடுத்தார்கள். செல்லுலாய்டு பிலிம் செய்ய அது தேவைப்பட்டதால் உலகச் சந்தையில் விலை ஏறியது. ஜெர்மானியர் யூலியஸ் பிரெட் 1893-ல் அதன் கட்டமைப்பைச் சரியாகக் கணித்தார். ஃபின்லாந்தின் குஸ்தாவ் கொம்பா 1903-ல் ஆய்வகத்தில் அதை உண்டாக்கிக் காட்டினார். இன்று கடைகளில் விற்கும் கற்பூரத்தில் பெரும்பகுதி பைன் மரத்து டர்பன்டைனிலிருந்து ஆலையில் தயாராவது. டர்பன்டைனில் உள்ள பைனீனைக் கேம்ஃபீனாக்கி, அதை அசிட்டிக் அமிலத்தோடு சேர்த்து எஸ்டராக்கி, எஸ்டரைப் பிரித்து ஆல்கஹாலாக்கி, கடைசியில் ஹைட்ரஜனை நீக்கிக் கற்பூரம் எடுக்கிறார்கள். கரிம வேதியியலின் முதல் ஆண்டுப் பாடம் முழுவதும் இந்த ஒரு வில்லைக்குள் அடங்கிவிடும்.

மரத்துக் கற்பூரத்துக்கும் ஆலைக் கற்பூரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிப்பது கடினம். வலம்புரிச் சங்கும் இடம்புரிச் சங்கும் போல, கற்பூர மூலக்கூறுக்கு ஒன்றன் ஆடிப் பிம்பமாக மற்றொன்று என்று இரண்டு வடிவங்கள் இருக்கின்றன. கற்பூர மரம் தருவது வலஞ்சுழி வடிவம் மட்டும். ஆலையில் பெரும்பாலும் இரண்டும் சரிபாதியாகக் கலந்து உருவாகின்றன. மரத்துக் கற்பூரக் கரைசல் வழியே முனைவாக்கப்பட்ட ஒளியைச் செலுத்தினால் ஒளியின் தளம் திரும்பும். சரிபாதிக் கலவையில் ஒன்றை மற்றொன்று ஈடுகட்டி, ஒளி நேராகப் போய்விடும். எரியும்போது இரண்டும் ஒன்றே.

இப்படிப்பட்ட வடிவங்கள் கார்பனுக்கு ஏன் வாய்த்தன? கார்பனின் இணைதிறன் நான்கு என்பதை ஆகஸ்ட் கெக்குலே 1858-ல் சொன்னார். அந்த நான்கு பிணைப்புகளும் தாளில் வரைவது போலத் தட்டையாக இல்லை, ஒரு நான்முகியின் முனைகளை நோக்கி, சுமார் 109.5 பாகைக் கோணத்தில் விரிந்திருக்கின்றன என்பதை 1874-ல் வான்ட் ஹாஃபும் லெ பெல்லும் தனித்தனியே முன்வைத்தார்கள். நான்கு முனைகளிலும் நான்கு வெவ்வேறு தொகுதிகள் நின்றால் வலம், இடம் என்ற பேதம் தானாக வந்துவிடும்.

நான்கு பிணைப்பு சிலிக்கானுக்கும் உண்டே, அது ஏன் இந்த விளையாட்டில் இல்லை என்று கேட்கலாம். பதில் அந்த மலைப்பாறையிலேயே இருக்கிறது. இரண்டு கார்பன்களுக்கு நடுவே உள்ள பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 347 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். இரண்டு சிலிக்கான்களைப் பிரிக்க 226 போதும். சிலிக்கானுக்குத் தன் இனத்தைவிட ஆக்சிஜன் மேல்தான் பிடிப்பு அதிகம். அதனால் அது குவார்ட்ஸாகவும் ஃபெல்ஸ்பாராகவும் மலையாகக் குவிந்து கிடக்கிறது. கார்பனோ, ஆக்சிஜனைப் பற்றும் ஏறத்தாழ அதே பிடிப்பில் இன்னொரு கார்பனையும் பற்றி எத்தனை தூரமும் சங்கிலியாக நீளும், கிளைக்கும், வளையமாகும், இரட்டைப் பிணைப்பு போடும்.

வரலாற்றில் ஒரு தற்செயல் கவனிக்கத்தக்கது. சேர்வராயன் மலைக்குக் காபி வந்தது 1820-களில், சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில். கிட்டத்தட்ட அதே வேளையில், 1819-ல், கவிஞர் கதே கொடுத்த காபிக் கொட்டைகளிலிருந்து ஃபிரீட்லீப் ருங்கே என்ற இளம் ஜெர்மானியர் காஃபீனைப் பிரித்தெடுத்தார். கோபன்ஹேகனில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் மிளகிலிருந்து பைப்பரினைப் பிரித்ததும் அதே ஆண்டுதான். மின்சாரம் பாயும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று 1820-ல் கண்ட அதே ஓர்ஸ்டெட்தான் இவர். 1825-ல் முதன்முதலாக அலுமினியத்தைப் பிரித்தவரும் இவரே. மிளகுக் கொடி படரும் இதே மலையின் மேல்தளத்தில் அலுமினியத் தாதுவான பாக்சைட்டும் இருந்தது, அது மேட்டூர் மால்கோ ஆலைக்கு வெட்டிக் கொண்டுபோகப்பட்டது என்பதை நினைத்தால், ஒரு டேனிஷ்காரரின் வாழ்நாள் வேலையில் பாதி இந்த மலைமேல் உள்ள ஏற்காட்டில் அடங்கிவிடும் போலிருக்கிறது.

அந்த நாளில் காஃபீன், பைப்பரின் போன்ற பொருள்களை உயிருள்ளவை மட்டுமே ஆக்க முடியும், அவற்றுக்கு ஓர் உயிர்விசை தேவை என்ற எண்ணம் பரவலாக இருந்தது. 1828-ல் ஃபிரீட்ரிக் வோலர் அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவை உண்டாக்கினார். சிறுநீரில் கிடைக்கும் யூரியாவைச் சிறுநீரகமே இல்லாமல் செய்துவிட்டதாக ஆசிரியர் பெர்சீலியஸுக்கு மகிழ்ச்சியோடு எழுதினார். பாடநூல்கள் அந்த நாளோடு உயிர்விசைக் கொள்கைக்குக் காரியம் செய்துவிடுகின்றன. நடந்தது அவ்வளவு சுருக்கமானதல்ல. அந்தக் காலத்துச் சயனேட்டுகள் கொம்பு, ரத்தம் போன்ற விலங்குப் பொருள்களை எரித்துத் தொடங்கும் வழியில் வந்தவை; ஆகவே உயிரின் பங்கு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று வாதாட இடமிருந்தது. ஹெர்மன் கோல்பே 1845-ல் கார்பன் டைசல்ஃபைடில் தொடங்கி அசிட்டிக் அமிலம் வரை வந்த பிறகுதான் அந்த வாய் மெல்ல அடைந்தது.

வோலரின் சோதனையில் இன்னொரு செய்தி இருந்தது, நியாயமாக அதற்குத்தான் கூடுதல் புகழ் சேர வேண்டும். அம்மோனியம் சயனேட்டிலும் யூரியாவிலும் இருப்பவை அதே அணுக்கள், அதே எண்ணிக்கையில். ஒரு கார்பன், இரண்டு நைட்ரஜன், நான்கு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஒன்றைச் சூடாக்கினால் மற்றதாகிவிடுகிறது. பொருளின் குணம் அணுக்களின் பட்டியலில் இல்லை, அவை அடுக்கப்பட்ட முறையில் இருக்கிறது. பெர்சீலியஸ் 1830 வாக்கில் இத்தகையவற்றுக்கு ஐசோமர் என்று பெயர் சூட்டினார். தமிழ்ப் பாடநூல்களில் மாற்றியம்.

மலையில் ஆரஞ்சு பழுக்கும் காலத்தில் இதை விரல் நுனியில் பார்க்கலாம். ஆரஞ்சுத் தோலை மெழுகுவத்திச் சுடருக்கு நேரே மடித்துப் பிழிந்தால் பொறி பறக்கும். ஊதிய பலூன் மேல் பிழிந்தால் ஓரிரு நொடிகளில் பலூன் வெடித்துவிடும். பிள்ளைகளுக்கு இரண்டுமே வேடிக்கை. தோல் எண்ணெயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் லிமோனீன் என்ற ஹைட்ரோகார்பன். பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஆக்சிஜன் கிடையவே கிடையாது. அதனால்தான் தீ அதைக் கண்டதும் பாய்கிறது. பலூன் வெடிப்பதற்குக் காரணம் உறவு. இயற்கை ரப்பர் ஐந்து கார்பன் கொண்ட ஐசோபிரீன் அலகுகளின் நீண்ட சங்கிலி. லிமோனீனும் இரண்டு ஐசோபிரீன் அலகுகள் கூடியது. இனம் இனத்தைக் கரைக்கும். பலூனின் மெல்லிய ரப்பர் அந்த இடத்தில் ஊறி இளகிவிடுகிறது, உள்ளே இருக்கும் காற்று மீதியைப் பார்த்துக்கொள்கிறது. தண்ணீரைத் தெளித்தால் ஒன்றும் ஆகாது.

கற்பூரமும் இரண்டு ஐசோபிரீன் அலகுகளால் ஆனதே. இந்த மலைகளில் வளரும் சந்தன மரத்தின் வாசனைப் பொருளான சாண்டலாலில் மூன்று. நறுமண எண்ணெய்களை வருடக்கணக்கில் பகுத்து இந்த ஒழுங்கைக் கண்ட ஓட்டோ வாலக் 1910-ல் நோபல் பரிசு பெற்றார். அதை விதியாக்கிய லியோபோல்டு ருசிக்காவுக்கு 1939-ல் கிடைத்தது. இந்த ஒழுங்கு தெரியாதவரை தாவர எண்ணெய்கள் நூற்றுக்கணக்கான தனித்தனிப் பெயர்கள். தெரிந்த பிறகு ஒரே குடும்பத்தின் பிள்ளைகள்.

லிமோனீனைப் பற்றிப் பல பாடநூல்கள் ஒரு கதை சொல்லும்: ஒரு வடிவம் ஆரஞ்சு வாசனை, அதன் ஆடிப் பிம்பம் எலுமிச்சை வாசனை என்று. கேட்க அழகாக இருக்கிறது, உண்மை இல்லை. எலுமிச்சைத் தோலிலும் பெரும்பாலும் இருப்பது ஆரஞ்சில் உள்ள அதே வலஞ்சுழி வடிவம்தான். எலுமிச்சைக்கு அதன் வாசனையைத் தருவதில் பெரும்பங்கு சிட்ரால் என்ற வேறொரு பொருளுக்கு. மூக்கு வலம் இடம் அறியும் என்பது பொதுவாகச் சரியே, அதற்கு நல்ல சாட்சி கார்வோன்: ஒரு வடிவம் புதினா வகையில் வாசம் வீசுகிறது, மற்றது சீமைச் சோம்பில்.

காபிக்கு வருவோம். சேர்வராயன் தோட்டங்களில் பெரும்பாலும் அராபிகா, சில்வர் ஓக் நிழலில். பச்சைக் கொட்டையில் எடையில் ஏறத்தாழ 1.2 சதவீதம் காஃபீன். ரொபஸ்டாவில் அதைப்போல் இரண்டு மடங்கு. எட்டு கார்பன், பத்து ஹைட்ரஜன், நான்கு நைட்ரஜன், இரண்டு ஆக்சிஜன் கொண்ட இரட்டை வளையம் அது. யூரிக் அமிலத்தின் எலும்புக்கூடும் இதுவே. எமில் ஃபிஷர் 1895-ல் காஃபீனை ஆய்வகத்தில் தயாரித்து, இந்தக் குடும்பம் முழுவதையும் ஒழுங்குபடுத்தினார். தேயிலையில் இருந்து எடுத்ததற்கு ஒரு காலத்தில் தெயின் என்று தனிப்பெயர் இருந்தது. 1838-ல் இரண்டும் ஒன்று என்று தெரிந்ததும் பெயர் உதிர்ந்துபோனது. காஃபீனிலிருந்து ஒரு மெத்தில் தொகுதியை, அதாவது ஒரு கார்பனையும் அதன் மூன்று ஹைட்ரஜனையும், எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஹைட்ரஜனை வைத்தால் கோகோவில் உள்ள தியோபுரோமின்.

ஆனால் காபி வாசனைக்குக் காஃபீன் பொறுப்பல்ல, அதற்கு மணமே கிடையாது. பச்சைக் கொட்டையை முகர்ந்தால் காபி நினைவே வராது. வறுக்கும்போதுதான் சர்க்கரைகளும் அமினோ அமிலங்களும் மோதி, உடைந்து, எண்ணூறுக்கும் மேற்பட்ட ஆவியாகும் பொருள்கள் பிறக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்றை, ஃபர்ஃப்யூரைல் தயால் என்ற கந்தகச் சேர்மத்தை, 1926-ல் தாதேயஸ் ரைஷ்டைனும் ஹெர்மன் ஷ்டாடிங்கரும் இனம்கண்டார்கள். தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மூக்கு அறிந்துவிடும். செறிவாக இருந்தால் சகிக்காது. நம்மூர் ஃபில்டர் காபியில் கலக்கும் சிக்கரி வேரில் காஃபீன் ஒரு துளியும் இல்லை. அதில் உள்ள இன்யூலின் என்ற ஃபிரக்டோஸ் சங்கிலி வறுபட்டுக் கருகித்தான் அந்த நிறத்தையும் கெட்டித்தன்மையையும் தருகிறது. காபிக்காரர்கள் சிக்கரியைத் திட்டுவது ஓரளவு நியாயம், ஓரளவு சாதிப் பெருமை.

காஃபீனை மட்டும் நீக்க வேண்டுமானால்? ஜெர்மனியின் மியூல்ஹைமில் கூர்ட் சோசல் 1967-ல் கண்ட வழி, கரியமில வாயுவையே கரைப்பானாக்குவது. 31 டிகிரி வெப்பத்துக்கும் 73 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேலே அது வாயுவும் இல்லை திரவமும் இல்லை. ஈரமாக்கிய கொட்டைக்குள் புகுந்து காஃபீனைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வெளியே வரும். அழுத்தத்தைத் தளர்த்தினால் வாயு பறந்துவிடும், காஃபீன் தங்கும்.

மலை மரங்களின் பட்டையிலும் பாறைகளிலும் சாம்பல் பச்சைப் பொருக்காகப் படர்ந்திருக்கும் லைக்கன்களை மசாலாக் கடையில் கல்பாசி என்று கேட்டு வாங்குகிறார்கள். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் இந்த உயிர்களின் வேதியியலை இந்தியாவில் விரிவாக ஆராய்ந்தவர் குளித்தலையில் 1900-ல் பிறந்த டி.ஆர். சேஷாத்ரி. மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் பயின்று, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பின்பு தில்லியிலும் பணியாற்றியவர். 1960-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். லைக்கன்களில் கிடைக்கும் லெக்கனோரிக் அமிலம் போன்றவை இரண்டு பென்சீன் வளையங்களை ஓர் எஸ்டர் பிணைப்பு கட்டிவைத்த அமைப்பு. அந்தப் பிணைப்பை அறுத்தால் கடைசியில் ஆர்சினால் கிடைக்கும். ஆர்சினாலை அம்மோனியாவோடு காற்றில் வைத்தால் செந்நீல நிறம் பிறக்கும். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் தாளின் நிறம் இந்த வழியில் வந்ததுதான். லிட்மஸும் லைக்கன் சரக்கே.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘கார்பனும் அதன் சேர்மங்களும்’ என்ற பாடம் எத்தனால், எத்தனாயிக் அமிலம், சோப்பு என்று போகிறது. பெயரிடும் விதிகளுக்கு நிறைய இடம். தேர்வுக்கு அது தேவைதான். ஆனால் மெத்தேன், ஈத்தேன், புரொப்பேன் என்று கண்ணுக்கும் மூக்குக்கும் படாத வாயுக்களில் தொடங்குவது, சமையலறையில் மிளகு டப்பா இருக்கும்போது, ஒரு வாய்ப்பை வீணாக்குவதாகவே படுகிறது.

ஏனென்றால் மிளகுக்குள் கரிம வேதியியலின் ஆகச் சிறந்த எடுத்துக்காட்டுகளில் ஒன்று ஒளிந்திருக்கிறது. பிரித்தெடுப்பது கல்லூரி மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. மிளகுத் தூளை எத்தனாலில் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். கரும்பழுப்பாக வரும் வடிநீரைச் சுண்டவைத்து, ஆல்கஹாலில் கரைத்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் பிசின் அடியில் தங்கும். தெளிவை இறுத்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஓரிரவு அசையாமல் வைக்க வேண்டும். காலையில் குடுவையில் இளமஞ்சள் ஊசிகள் நிற்கும். அதுதான் பைப்பரின். உருகுநிலை சுமார் 130 டிகிரி. ஒரு துணுக்கை நாக்கில் வைத்தால் முதலில் ஒன்றும் தெரியாது, பிறகு காரம் ஏறும். மிளகாயின் காப்சைசின் தட்டும் அதே நரம்பு வாயிலைத்தான் பைப்பரினும் தட்டுகிறது. அந்த வாயிலைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸ் 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பைப்பரினில் பதினேழு கார்பன், பத்தொன்பது ஹைட்ரஜன், ஒரு நைட்ரஜன், மூன்று ஆக்சிஜன். மார்ஃபினிலும் அதே பதினேழு, அதே பத்தொன்பது, ஒன்று, மூன்று. ரசத்தில் மணக்கும் மிளகும், அபினிலிருந்து வரும், மருத்துவர் சீட்டும் சட்டமும் காவல் நிற்கும் வலிநிவாரணியும் அணுக்கணக்கில் ஒன்றே. இரண்டையும் எரித்துப் பகுத்தால் ஒரே விடைதான் வரும். ஒன்றை மற்றதாக மாற்ற எளிய வழி ஏதுமில்லை. கட்டமைப்பு அத்தனை தூரம் விலகியது.

பைப்பரின் நீளவாக்கில் அமைந்தது. ஒரு முனையில் இரண்டு ஆக்சிஜன் தாங்கிய பென்சீன் வளையம், நடுவே இரண்டு இரட்டைப் பிணைப்புகள் கொண்ட சங்கிலி, மறுமுனையில் ஓர் அமைடு பிணைப்பு வழியே பைப்பரிடீன் வளையம். காரத்தோடு நீடித்துக் கொதிக்கவைத்தால் அந்த அமைடு அறுந்து, பைப்பரிக் அமிலம் ஒருபுறமும், மூக்கைத் துளைக்கும் நெடியோடு பைப்பரிடீன் மறுபுறமும் பிரிந்துவிடும். எங்கே வெட்டுவது என்று மூலக்கூறே காட்டிக்கொடுத்ததால் 19-ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பைப்பரினின் கட்டமைப்பும் தெரிந்துவிட்டது, செயற்கையாகவும் செய்துவிட்டார்கள். மார்ஃபின் அப்படி எளிதில் பிடிகொடுக்கவில்லை. ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று பின்னி, வலம் இடம் பேதமுள்ள ஐந்து கார்பன் மையங்களோடு முறுக்கிக்கொண்டு நிற்கும் பொருள் அது. ஃபிரீட்ரிக் செர்ட்யூர்னர் அதைப் பிரித்தது 19-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில். கட்டமைப்பைச் சரியாகச் சொல்ல 1925 ஆனது. சொன்னவர் சேஷாத்ரியின் ஆசிரியரான அதே ராபின்சன். முழுதாகச் செயற்கையில் உண்டாக்கியது மார்ஷல் கேட்ஸ், 1952-ல்.

பைப்பரினுக்கு வலம் இடம் கிடையாது. அதற்கு வேறொரு பலவீனம் உண்டு: அந்த இரண்டு இரட்டைப் பிணைப்புகள். அவற்றின் இரு பக்கத் தொகுதிகளும் எதிரெதிரே விலகி நிற்கும்போதுதான் மூலக்கூறு நீண்டு, காரம் தருகிறது. வெளிச்சம் பட்டால் இரட்டைப் பிணைப்பு திரும்பி, தொகுதிகள் ஒரே பக்கமாக வந்து, சங்கிலி மடங்கிக்கொள்கிறது. அணு ஒன்றும் குறையவில்லை, கூடவில்லை. வாய்பாடு அதே பதினேழு, பத்தொன்பது, ஒன்று, மூன்று. ஆனால் மடங்கிய வடிவங்களுக்குக் காரம் அநேகமாக இல்லை. கண்ணாடிப் பாட்டிலில் அடைத்துக் கடை வாசலில் வெயில் படும்படி அடுக்கிய மிளகுத் தூள், நாளாக ஆக, இப்படித்தான் சப்பென்று போகிறது.